பச்சைப் பொட்டு

— அய்யய்யோ தம்பி, அதுல மட்டும் கை வெக்காதீங்க! அழிச்சிட்டுப் புதுசா ஏத்துற வேலையே வேணாம்.

— டென்ஷன் ஆவாதீங்க ஐயா, நான் இன்னும் எதையும் தொடலை. லேப்டாப்பு ஸ்லோவா ஓடுதுன்னு சொன்னீங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு ஏத்துனா பறக்கும், அதான் கேட்டேன்.

— பறக்க வேணாம், நடந்தாப் போதும். ஜெயங்கொண்டத்துக் கடையிலயும் இதையேதான் சொன்னாங்க. புடுங்கிக்கிட்டு பஸ் ஏறி நேரா பெரம்பலூர் வந்துட்டேன். பொட்டிக்கு அடியில உங்க கடைப் பேரு ஒட்டியிருந்துச்சு.

— நம்ம ஸ்டிக்கர்தான். வெளாட்டுக்குன்னே வர்ற லேப்டாப்பு இது. பேரு சொல்லுங்க, சீட்டு எழுதிக்கிறேன்.

— பையன் பேரா, என் பேரா?

— எதுனாலும் சரி.

— அருள்முருகன்னு எழுதுங்க. அவனுதுதான். நான் அவங்கப்பன், இளையபெருமாள். உடையார்பாளையத்துக்குப் பக்கத்துல முந்திரிக்காடு.

— என் பேரு அஜித்குமார், கடை நம்மளுதுதான். உக்காருங்க. என்ன பண்ணுதுன்னு மொதல்லேருந்து சொல்லுங்க.

— ஒரு மாசமா தோசைக்கல்லு கணக்கா கொதிக்குது. உள்ள இருக்குற காத்தாடி ஓயாமக் கத்துது. இன்னைக்குக் காலையில பட்டுன்னு அணைஞ்சிட்டுது. அமுக்குனா வருது, பத்து நிமிஷத்துல மறுபடி போயிடுது.

— சூடு தாங்காம அதுவே ஆஃப் ஆயிடுது. பையன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெளாடுவாரு?

— வெளாடல்லாம் இல்ல தம்பி. சும்மா எரியும்.

— சும்மான்னா, எவ்வளவு நேரம்?

— அணைக்கிறதே இல்ல. ரெண்டு வருஷமாவுது.

— ரெண்டு வருஷமாவா! ஐயா, பேசுறீங்களா, வெளாடுறீங்களா? எதுமேல வச்சிருப்பீங்க இத?

— அவன் தலகாணி மேல. மேல ஒரு துண்டு போத்தியிருக்கும். எங்க ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரி ஓயாமப் போவுது, தூசி பட்டுடக் கூடாதுன்னு அவங்கம்மா மூடி வச்சிருக்கா.

— அது மூச்சு விடுறதே அடிப்பக்கமாத்தான் ஐயா. கீழ தலகாணி, மேல துண்டு. மனுசன் வாயையும் மூக்கையும் பொத்துன மாதிரி இருக்கு.

— அம்பிகாவுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? பச்சப்புள்ளையாட்டம் பாத்துக்கிட்டா.

— இருங்க, கழட்டிப் பாத்துடுவோம்... பாருங்க இத. காத்தாடி இடுக்கெல்லாம் வெள்ள மாவா அடைஞ்சிருக்கு. சூட்ட இழுக்கப் போடுற பேஸ்ட்டும் காஞ்சு பொருக்காப் போச்சு. ஊதி எடுத்துட்டு, பேஸ்ட்டு மாத்தணும். நாளைக்குச் சாயந்தரம் வாங்க.

— நாளைக்கா? ஆறு மணிக்குள்ள இது எரியணும் தம்பி. இங்கயே உங்க கடையில எரிஞ்சாலும் போதும், ராத்திரி தூக்கிட்டுப் போயிக்கிறேன். எரியலைன்னா என் பொண்டாட்டி சோறு திங்க மாட்டா.

— லேப்டாப்புக்கும் சோத்துக்கும் என்னங்கய்யா சம்பந்தம்?

— என்னத்தச் சொல்ல. பையன் இங்க பெரம்பலூர்லதான் காலேஜ் படிச்சான், ஹாஸ்டல்ல. அவங்கம்மா பொழுதன்னைக்கும் போனு போட்டுக்கிட்டே இருப்பா. அவன் அவ போன்லயே என்னமோ ஏத்திக் குடுத்தான். ‘அம்மா, என் பேருகிட்ட பச்சைப் பொட்டு எரிஞ்சுதுன்னா நான் நல்லா இருக்கேன், வெளாடிக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். அப்பக் கூப்புடாத’ன்னான்.

— ம். ஆன்லைன்ல இருந்தா பச்சையாக் காட்டும்.

— அதேதான். தெனமும் ஆறு மணிக்கு வெளக்கு வச்சிட்டு போன எடுத்துப் பாப்பா. ‘ஏங்க, புள்ள வெளாடுறான்’னு ஒரு சத்தம் குடுப்பா. அதுக்கப்புறந்தான் ரெண்டு பேருக்கும் தட்டு எடுத்து வைப்பா.

— பையன் இப்ப எங்க இருக்காரு?

— தெரியாது.

— தெரியாதுன்னா?

— நாந்தான் தொரத்துனேன் தம்பி. படிச்சு முடிச்சு வேலை கெடைக்கல. ராவும் பகலும் இதுலயே கெடந்தான். ஒரு நாள் வெறி வந்துட்டுது எனக்கு. ‘அந்தப் பொட்டியே உனக்குச் சோறு போடட்டும், என் வூட்டுச் சோத்துல கை வெக்காத’ன்னேன். அப்பத்தான் ரெண்டு வாய் தின்னிருந்தான். கையக் கழுவிக்கிட்டு எந்திரிச்சுப் போனவன்தான்.

— போலீஸ்ல சொன்னீங்களா?

— சொல்லாம? திருப்பூரு, மெட்ராஸு, கோயம்புத்தூருன்னு நானும் அலையாத எடமில்ல. அவன் போனு அன்னைக்கு அணைஞ்சதுதான். அவன் போனப்ப இந்தப் பொட்டி எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அப்படியே வுட்டுட்டோம். அவங்கம்மா போன்ல பச்சைப் பொட்டும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ‘எங்கயோ உக்காந்து வெளாடுறான், உசுரோட இருக்கான், அது போதும்’னு அவ கண்ணத் தொடைச்சுக்கிட்டா.

— ஐயா... ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பச்சை வந்து, பாத்தீங்கன்னா, இந்த லேப்டாப்புல அவரு பேரு தெறந்து கெடக்குறதால...

— தெரியும் தம்பி.

— தெரியுமா?

— அவன் போயி மூணு மாசத்துல, ஒரு நாள் ராத்திரி இதுவே அணைஞ்சிட்டுது. பொட்டும் போயிட்டுது. எம்புள்ளைக்கு என்னமோ ஆயிட்டுதுன்னு அவ நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. நான் வெவரம் புரியாம இதக் குத்தி அதக் குத்திப் பாத்தேன், பொட்டி எரிஞ்சுது. அவ கையில இருந்த போன்ல பச்சையும் வந்துச்சு. அப்பத்தான் எனக்கு வெவரம் புரிஞ்சுது, பச்சை இந்தப் பொட்டியாலதான்னு. அவ சிரிச்சா தம்பி. அந்தச் சிரிப்ப நான் எப்படிப் புடுங்குவேன்?

— இருங்கய்யா. அஞ்சரைக்கு முடிச்சுத் தரேன்.

— இன்னைக்கு அவ முந்திரிக்கொட்டை ஒடைக்கப் போயிருக்கா. அதான் தப்பிச்சேன். துண்டுக்கு அடியில பலகைக்கட்டைய வச்சு மூடிட்டு ஓடியாந்தேன். முந்திரிக்கு ஒரம் வாங்கப் போறேன்னு பொய் சொல்லியிருக்கேன்.

— ஐயா, இன்னொண்ணு. பேட்டரி உப்பிப் போயிக் கெடக்கு. இது செத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது.

— சேச்சே, பேட்டரி நல்லா தாங்குது தம்பி. கரண்டு போனாக்கூட அணையாது.

— ஒயர உருவுனா ஒரு நிமிஷம்கூட நிக்காது. நீங்களே பாருங்க.

— அட போங்க. போன ஐப்பசி மழையில டிரான்ஸ்பார்மர் வெடிச்சு, பகல் பூரா கரண்டு இல்ல. நாலு மணிக்குத்தான் வந்துச்சு. நான் காட்டுலேருந்து பதறிக்கிட்டு வூட்டுக்கு ஓடுறேன், இது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கு.

— கரண்டு வந்தா இது தானா வராது ஐயா. யாராச்சும் அமுக்கணும்.

— யாரு அமுக்குறது? வூட்டுல அவ ஒருத்திதான். அவளுக்குப் பொத்தான் எதுன்னே தெரியாது.

— சரி, வுடுங்க. டீ வந்திருக்கு, குடிங்க, ஆறிடப் போவுது.

— எறங்க மாட்டேங்குது தம்பி. நீங்க வேலையப் பாருங்க.

…

— ஐயா, வந்துட்டுது பாருங்க! தொட்டுப் பாருங்க, சூடே இல்ல. கடை நெட்டுல போட்டுருக்கேன். இன்னும் ரெண்டு நிமிஷத்துல பேரு ஏறிடும்.

— மணி என்ன?

— அஞ்சே முக்கால்.

— நல்லா இருப்பீங்க தம்பி, உங்க குடும்பமே நல்லா இருக்கும்... அடடா, போனு அடிக்குது. அவதான். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கர்ல வச்சுத்தான் பேசுவேன், தப்பா நெனைக்காதீங்க. சொல்லு அம்பிகா, ஒரம் வாங்கிட்டேன், பஸ்ஸுக்குத்தான் நிக்கிறேன்.

— ஒரம் கெடக்கட்டும். துண்டுக்கு அடியில பலகைக்கட்டை இருக்குது.

— அது வந்து...

— வெயில்ல அதத் தூக்கிக்கிட்டு அலையுறீங்களா? காலையிலேருந்து ஏதாச்சும் தின்னீங்களா?

— தின்னேன், தின்னேன். நீ போனப் பாரு புள்ள, பொட்டு வந்துடும், இப்ப வந்துடும்...

— வந்தா வருது, வராட்டிப் போவுது. அது எரியலைன்னா நீங்க சோத்துல கை வெக்க மாட்டீங்கன்னுதானங்க, கரண்டு போன அன்னைக்கெல்லாம் நானே அத அமுக்கி வச்சிக்கிட்டு இருந்தேன்.