மாவுக் குழந்தை

இரவு பதினொன்றைத் தாண்டியிருக்கும். ஸ்வீட்வாட்டர் ஆற்றோரமாகப் போகும் பழைய கைவண்டித் தடம். வீடு கிடையாது, விளக்கு கிடையாது. காற்றும், சேஜ் புதரின் கசப்பு வாசனையும்தான். அதில் இரண்டு பேர் நடக்கிறார்கள். முன்னால் ஒரு பெண். பின்னால் டார்ச்சோடு லாமர்.

லாமர் யாரென்றால், என் கூட்டாளி கிளைட் இருக்கிறானே, அவன் தங்கை புருஷன். ராக் ஸ்பிரிங்ஸ் டவுனில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். இலவச வேலை என்றால் அவனுக்குக் காது கேட்காது. பிஷப் கேட்டால் மட்டும் கேட்டுத் தொலைக்கும். நம் மார்மன் சபையின் முன்னோர்கள் பனியில் செத்துச் செத்து நடந்த பாதையில், நம் சபைப் பிள்ளைகள் அந்தக் காலத்து உடுப்போடு வண்டி இழுத்துப் போவதைப் படம் பிடிக்க அப்படித்தான் போய்ச் சேர்ந்தான்... நெருப்புக்குக் கிட்டே வந்து உட்காருங்கள். இனிமேல்தான் குளிரும்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். வண்டிக்கு ஒரு பாவனைக் குடும்பம். கல்யாணமான ஜோடி ஒன்று அம்மா அப்பா, சபைப் பிள்ளைகள் அவர்களுக்குப் பிள்ளைகள். கைக்குழந்தைக்குப் பதில் ஒரு மாவுப் பை. வழியில் ஏதாவதொரு குடும்பத்தின் மாவுக் குழந்தை செத்ததாக வைத்துப் புதைக்க வேண்டும். அன்றைய துயரம் பிள்ளைகளுக்கு உறைக்க வேண்டுமாம். நடையை நடத்திய பிரதர் ஓர்வல் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார். ஒரு வண்டிக்கு அம்மாவாக வந்திருந்த ஜெனீலின் பெயர் வந்தது. லாமருக்கு முன்னால் நடந்தாளே, அவள்தான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஜெனீலுக்குக் குழந்தை இறந்தே பிறந்திருந்தது. ஊருக்கே தெரியும். துக்க வீட்டுக்கென்று சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கைத் தட்டுத் தட்டாக அவள் வீட்டுக்குச் சுமந்தவர்கள்தானே எல்லோரும். ஆனாலும் சீட்டு எழுதியபோது ஒருத்தருக்கும் நினைவில்லை. ஓர்வலுக்கு நினைவு வந்தபோது பெயரை வாசித்து முடித்திருந்தார்.

"வேற சீட்டு எடுக்கறேன் சிஸ்டர்."

"வேண்டாம் பிரதர். எனக்கு வந்தது எனக்குத்தான்."

மாவுப் பையை அவள் ஒரு கம்பளிப் போர்வையில் சுற்றியிருந்தாள். தன் குழந்தைக்கென்று பின்னிய போர்வை. அங்கே மண்ணைத் தோண்ட அனுமதியில்லை. அதனால் தரையில் கிடத்தி மேலே கல் அடுக்கினார்கள். பனியில் செத்த அந்தக் காலத்துக் குழந்தைகளையும் அதே பாதையில் இப்படித்தான் கல்லுக்கு அடியில் விட்டுவிட்டுப் போனார்களாம். பாடினார்கள். "அம்மா, காலைல பான்கேக்குக்கு மாவு பத்தாதே," என்றான் அவளுடைய வண்டிப் பிள்ளைகளில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

முகாம் அடங்கிய பிறகு லாமரின் கூடாரத்துக்கு வந்தாள்.

"டார்ச் இருக்கா பிரதர்? அந்தக் கல்லுகிட்ட போகணும்."

"விடியட்டுமே சிஸ்டர். உங்க வீட்டுக்காரர் ரஸ்ஸல எழுப்பட்டுமா?"

"அவர் அழுதுட்டு இப்பத்தான் கண்ண மூடினார். பையன் குளிர்ல கிடக்கறான்."

இரவல் வாங்குகிறவனை ஆயிரம் கேள்வி கேட்கும் லாமர், டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

போய்ச் சேர்ந்ததும் அவள் குனிந்து கற்களை எடுக்க ஆரம்பித்தாள். டக்... டக்... அவர்கள் அடுக்கியது ஒரு சின்னக் குவியல். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. ஜூலை மாதம் அது... ஆனால் பனி விழுவதற்கு முன்னால் ஒரு வாசனை வருமே, அது வந்தது. கடைசியில் போர்வை மூட்டையைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை.

"வெளிச்சத்த அந்தப் பக்கம் திருப்புங்க. முழிச்சுக்குவான்."

திரும்பும் வழியில் தாலாட்டு முனகினாள். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாள். தாலாட்டு நிற்கவில்லை. காற்றாக இருக்கும் என்று லாமர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்...

காலையில் வேன்கள் புறப்படத் தயாராக நின்றன. வந்த வழியெல்லாம் குப்பை கூளம் விடாமல் பொறுக்கிவிட்டு வந்த ஓர்வலின் கையில் ஒரு மாவுப் பை. பிரிக்காதது. ஈரம் பட்டுக் கல்லாக இறுகியிருந்தது.

"போர்வைய மட்டும் உருவிட்டு, மாவக் கல்லுக்கு அடியிலயே விட்டுட்டீங்களே சிஸ்டர்," என்றார்.

வேனுக்குள் ஜெனீலின் மடியில் போர்வை மூட்டை இருந்தது. ஓர்வல் அதைப் பார்த்தார். கையிலிருந்த பையைப் பார்த்தார். ரஸ்ஸல் போர்வையை விலக்கக் கையை நீட்டி, தொட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டான். விரல் நுனிகள் பனி கடித்த மாதிரி வெளுத்துப்போயிருந்தன.

"தூங்கறவன எழுப்பாதீங்க," என்றாள் அவள். பிறகு லாமரிடம், "ஒரு படம் எடுத்துக் கொடுங்க பிரதர். ஆஸ்பத்திரியில ஒண்ணுகூட எடுக்க விடல. உடனே கொண்டுபோயிட்டாங்க."

லாமர் கேமராவைத் தூக்கினான். முகம் இருக்கிற இடத்தில் திரையில் சின்னதாகப் பச்சைக் கட்டம் விழுமே, உங்கள் போனில்கூட... ஜெனீலின் முகத்தில் ஒன்று விழுந்தது. மடியில் இருந்த மூட்டையில் ஒன்று விழுந்தது.

மூன்றாவதாக ஒன்று. அவளுக்குப் பின்னால், ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே, வெட்டவெளியில். புள்ளி மாதிரி.

கேமராவை இறக்கிப் பார்த்தான். புதர்கள் மட்டும்தான். மறுபடி கண்ணில் வைத்தான். அந்தக் கட்டம் முன்பைவிடக் கிட்டே வந்து பெரிதாகியிருந்தது.

"சீக்கிரம் எடுங்க பிரதர்," என்றாள் ஜெனீல்.

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.