கறுப்பு வயர்

– மிசின் மேசையிலை பூட்ட இரும்புத் துண்டு வேணும் எண்டெல்லே சொன்னனான். நீங்கள் அலுமினியத்திலை வெட்டி வைச்சிருக்கிறியள், முதலாளி.

– எல்லாம் உலோகம்தானே சிமியோன்? அலுமினியத்துக்கு என்ன குறை? கறள் பிடிக்காது, பாக்கவும் வடிவாக் கிடக்கு, விளங்குதே?

– வடிவு பாக்கிறதுக்கு இதென்ன பொம்பிளை பாக்கிற அலுவலே? இந்த சென்சர் இரும்பு எண்டா தள்ளி வரேக்கையே கண்டுபிடிக்கும். அலுமினியம் எண்டா முட்டுமாப்போலை வந்தாத்தான் தெரியும். அதுக்கிடையிலை மேசை ஓடிப்போய் சென்சரை அடிச்சு நொருக்கிப் போடும்.

– சரி, சரி. அந்த மூலையிலை இரும்புப் பட்டை கிடக்கு, எடு. காலமை தொடங்கி உதிலை மினைக்கெடுறாய். காணியை வித்து ஜேர்மனியிலை இருந்து இறக்கின கொம்பியூட்டர் மிசின். கப்பலிலை ஏத்தி இறக்கினதிலை, மேசையை நிப்பாட்டுற லிமிட் சுவிட்ச் முழுக்க உடைஞ்சு போச்சு. தோட்டக்காரர் தண்ணிப் பம்புக்குச் சாமான் கேட்டு வாசலிலை நிக்கிறாங்கள். கொழும்பு எஞ்சினியர் எண்டா, கலவரத்துக்குப் பிறகு ஆனையிறவு தாண்டி இஞ்சை வரமாட்டன் எண்டிட்டான்.

– அதாலைதான் என்னைக் கூப்பிட்டியள்.

– பின்னை? கொடிகாமத்திலை இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் விசாரிச்சன். உந்த வேலை தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானாம்.

– உங்கடை மிசினிலை விரலைக் குடுத்த பிறகுதானே கொழும்புக்குப் போய்ப் பழகினனான். எல்லாம் உங்கடை புண்ணியம்.

– பழைய கதையை ஏன் இப்ப கிண்டுறாய்? இந்தா, இரும்பு.

– தாங்கோ. இப்ப சென்சரைப் பாருங்கோ. இரும்பைக் கிட்டக் கொண்டுபோறன்.

– அட! வாலிலை சின்னச் சிவப்பு லைற் பத்துது! நீ தொடவே இல்லை!

– தொடத் தேவையில்லை. பழைய சுவிட்ச் எண்டா மேசை வந்து தட்ட வேணும். எண்ணையும் தூசியும் பட்டு இறுகிப் போகும். இதுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

– அதென்ன மூண்டு வயர்?

– மண்ணிறமும் நீலமும் அதுக்குச் சாப்பாடு. கறுப்புத்தான் வாய். 'இரும்பு வந்திட்டுது, நிப்பாட்டு' எண்டு கொம்பியூட்டருக்குச் சொல்லுறது கறுப்பு.

– லைற் பத்துது எண்டா வேலை முடிஞ்சுது. நல்லது. கையைக் கழுவிப்போட்டு வா, தேத்தண்ணி குடிப்பம்.

– இன்னும் ஒண்டு கிடக்கு. சோதிச்சுப் பாக்க வேணும்.

– பாரன். ஆர் வேண்டாம் எண்டது?

– நான் இல்லை, நீங்கள். மேசை ஓடிவந்து முடியிற இடம் இருக்கெல்லே, மேசைக்கும் அந்த இரும்புச் சட்டத்துக்கும் நடுவிலை? அதுக்குள்ளை உங்கடை வலது கையை வைக்க வேணும்.

– உனக்கென்ன விசரே?

– லிமிட் வேலை செய்தா மேசை நாலு விரல் இடைவெளி விட்டு நிக்கும். கைக்கு ஒண்டும் வராது.

– அதுக்கு ஒரு கட்டையை வை! வாழைத்தண்டை வை! கை எதுக்கு?

– நான் கை வைச்சனான். அதுக்குத்தான்.

– சிமியோன்...

– இதே வேக்சொப். இரும்பு சீவுற பழைய பிளேனிங் மிசின். அதின்ரை லிமிட் சுவிட்ச் சும்மா சும்மா மேசையை நிப்பாட்டுது, வேலை பிந்துது எண்டு, துண்டுச் செப்புக் கம்பியாலை சுவிட்சைச் சோட் பண்ணி, அது மேசையை நிப்பாட்டாமல் செய்தது நீங்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை. மேசை வழக்கம் போலை நிக்கும் எண்டு நினைச்சு, இரும்புச் சீவலைக் கூட்டித் தள்ளக் கையை விட்டன். மேசை நிக்கேல்லை. ரெண்டு விரல் சீவலோடை சீவலாய்க் கிடந்தது.

– பேய்க் கதை கதையாதை. நான் ஒரு கம்பியும் போடேல்லை.

– பிறகு ஆசுப்பத்திரி வாசலிலை நிண்டு என்ன சொன்னியள்? 'பெடியன் நல்ல வெறி, சாராய மணத்திலை கிட்டப் போகேலாது' எண்டு. நான் இண்டைவரைக்கும் அந்தச் சனியனைத் தொட்டவன் இல்லை.

– சனம் சுத்தி நிண்டு கேட்டுது. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னன்.

– அந்த ஏதோவுக்குள்ளைதான் நான் இன்னும் கிடந்து சாகிறன். கோயில் பெருநாளிலை சுரூபம் தூக்கப் போனா, குடிகாரன்ரை தோள் வேண்டாமாம். கட்டின நாளிலை இருந்து என்ரை மனிசி, நான் வீட்டுக்குள்ளை கால் வைச்ச உடனை வாயை மணந்து பாக்கிறா. மிச்ச விரலையும் உங்கடை மிசினே கொண்டு போயிருக்கலாம். இதைவிட அது நல்லது.

– உதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்? சரி, கம்பி கம்பி எண்டு சொல்லுறியே, அத்தாட்சி இருக்கோ?

– கம்பியே இருக்கு. உங்களிட்டை வேலை செய்த தம்பிராசா அண்ணை அண்டைக்கே கழட்டி எனக்குத் தந்தவர். தந்திட்டுக் கனடாவுக்குப் போட்டார்.

– எங்கை, காட்டு பாப்பம்.

– இருக்க வேண்டிய இடத்திலை பத்திரமா இருக்கு.

– ஊர் முழுக்கச் செப்புக் கம்பி கிடக்கு. ஒரு துண்டை வைச்சுக்கொண்டு என்னை வெருட்டாதை, விளங்குதே?

– இஞ்சாருங்கோ... உள்ளுக்கை நிக்கிறியளோ? சோறு கொண்டுவரச் சொன்னியள்.

– வா பெர்னடெட், உள்ளுக்கு வா. முதலாளி, இதுதான் என்ரை மனிசி. சோத்துக்காக மட்டும் வரச் சொல்லேல்லை.

– ஆ... வா பிள்ளை. அந்தக் கதிரையிலை இரு.

– இருக்கிறது பிறகு. என்ன ரெண்டு பேரின்ரை முகமும் ஒரு மாதிரிக் கிடக்கு? மாதாவே, இவர் ஏதும் குடிச்சுப்போட்டு உங்களோடை...

– கேட்டியளே முதலாளி? வாசலிலை கால் வைச்ச உடனை!

– எனக்கென்னப்பா தெரியும்? ஊரெல்லாம் சொல்லுது.

– ஊர் சொல்லேல்லை. இவர் சொன்னதைத்தான் ஊர் சொல்லுது. முதலாளி, இப்ப ரெண்டிலை ஒண்டு. நான் வெறியிலை நிண்டது பொய் எண்டு இவளுக்கு முன்னாலை சொல்லுங்கோ. இல்லை, அது மெய்தான் எண்டா, குடிகாரன் செய்த வேலையை நம்பிக் கையை வையுங்கோ.

– ரெண்டும் மாட்டன் எண்டா?

– என்ரை சாமானைக் கட்டிக்கொண்டு போறன். நீங்கள் ஜேர்மன் மிசினுக்கு மேலை கோழியை அடை வையுங்கோ.

– இஞ்சாருங்கோ, என்ன விளையாட்டு இது? வேண்டாம், வாங்கோ போவம்.

– நீ பேசாமல் நில்லு பெர்னடெட். இது உனக்காகவும்தான்.

– என்னை வெருட்டுறியோ? இந்த அருளம்பலத்தை? ஒரு திருகாணி பூட்டத் தெரியாமல் வந்த உன்னை மனிசனாக்கினவன் நான். லைற் பத்தினதை என்ரை கண்ணாலை கண்டனான். வேலை சரியாத்தான் இருக்கு. எனக்கென்ன பயம்? வைக்கிறன் கையை!

– முதல்லை மோதிரத்தைக் கழட்டுங்கோ.

– அது ஏன்?

– சென்சருக்குச் சதை தெரியாது, உலோகம்தான் தெரியும். பிறகு மோதிரத்தைக் கண்டுதான் மிசின் நிண்டது எண்டு ஊரிலை சொல்லுவியள்.

– கண்டறியாத ஞாயம்! இந்தா, பிடி பிள்ளை மோதிரத்தை. சரி, கை வைச்சிட்டன். ஓட்டு!

– மெதுவாத்தான் வரும். வடிவாப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ.

– நீ ஏன் மிசினை நிப்பாட்டுற அந்தச் சிவப்புப் பட்டனிலை கையை வைச்சுக்கொண்டு நிக்கிறாய்? உன்ரை வேலையிலை உனக்கே நம்பிக்கை இல்லையே?

– விரல் போனவன்ரை பழக்கம்.

– ஐயோ, வருது! முதலாளி ஐயா, கையை எடுங்கோ!

– சும்மா இரு பிள்ளை. இன்னும் ஒரு முழம் கிடக்கு.

– அண்டைக்கும் இந்தச் சத்தம்தான். நான் பாட்டுப் படிச்சுக்கொண்டு சீவல் கூட்டினனான். எத்தினை இரவு, முதலாளி! கண்ணை மூடினா உங்கடை கைதான் எனக்குத் தெரியும். கனவிலை நான் அதை நசிக்காத நாள் இல்லை.

– கதையைக் குறை. ஒருக்கா நிப்பாட்டு, வேர்க்குது.

– கையை எடுங்கோவன். ஆர் மறிச்சது? எடுத்திட்டு உண்மையைச் சொல்லுங்கோ.

– உனக்கு நான்... ஐயோ! சேட்டுக் கை சட்டத்து ஆணியிலை கொழுவிப் போச்சு! நிப்பாட்டடா!

– ஏன் கத்துறியள்? லைற் பத்தினதைக் கண்ட ஆளெல்லே நீங்கள்.

– இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ! உங்களைக் கும்பிட்டன்!

– என்னைக் கும்பிடாதை, அவரைக் கேள். நான் வெறியிலை நிண்டனானோ எண்டு கேள்!

– இல்லை! இல்லைப் பிள்ளை! இவன் குடிக்கேல்லை! கம்பியைப் போட்டது நான்! பொலிஸ் வந்து வேக்சொப்பைப் பூட்டிப் போடுவாங்கள் எண்ட பயத்திலை குடிகாரன் எண்டு கதை கட்டினதும் நான்தான்! முருகா! முருகா!

– நிண்டிட்டுது... மாதாவே, நிண்டிட்டுது. அசையாதையுங்கோ முதலாளி ஐயா, கொழுவினதை எடுத்துவிடுறன். இந்தா, வந்திட்டுது. இனிக் கையை எடுங்கோ.

– தண்ணி... தண்ணி தா பிள்ளை.

– குடியுங்கோ. இஞ்சாருங்கோ, இவ்வளவு காலமும் நான் உங்கடை வாயை மணந்து... ஒரு நாளும் மணக்கேல்லையப்பா. மணக்காத நாளிலையும், எங்கையோ வாயைக் கொப்பளிச்சுப்போட்டு வந்திருக்கிறார் எண்டுதான் நினைச்சன். நான் ஒரு பாவி.

– அழாதை. நீ இல்லைப் பாவி. கேட்டதை மறக்காமல் வைச்சிரு. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலை நிண்டு சொல்லு.

– பொறு, பொறு. என்னத்தைச் சொல்லுறது? கை மாட்டுப்பட்டா எவனும் எதையும் சொல்லுவான். உயிர்ப் பயத்திலை உளறினது அது. நீங்கள் கோயிலிலை என்ன, கோட்டிலை போய்ச் சொன்னாலும் நான் இல்லை எண்டுதான் நிப்பன். விளங்குதே?

– சீ! நீங்களும் ஒரு மனிசனே? இந்தாங்கோ உங்கடை மோதிரம்.

– தா இஞ்சை. சிமியோன், வந்த அலுவல் முடிஞ்சுது, நடையைக் கட்டு. நாலு விரல் இடைவெளி எண்டாய், ஒரு விரல்கூட இல்லை. போக முதல் அதை மட்டும் திருத்து. மற்றும்படி உன்ரை சென்சர் நல்ல சாமான்தான். என்ரை கையைக் காப்பாத்தினது அது, நீயில்லை.

– குனிஞ்சு மேசைக்குக் கீழை பாருங்கோ, முதலாளி. கறுப்பு வயர் இன்னும் சும்மாதான் தொங்குது. அதைப் பூட்ட வேண்டிய இடத்திலை நீங்கள் அண்டைக்குப் போட்ட அதே செப்புக் கம்பி கிடக்கு. சென்சர் ஒண்டையும் நிப்பாட்டேல்லை. நிப்பாட்டினது நான், இந்த மூண்டு விரலாலை.