ஜப்பான்காரர் நெற்றியில் திருநீறு

அழகமுத்து: நான் படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லியா, அவரு குனிஞ்சா நீயும்...

ஞானேஸ்வரி: குனியணும்னு மட்டும் சொன்னீங்க. அது அவங்க ஊரு வணக்கம்னு...

அழகமுத்து: பேசவிடு. ஜப்பான்லருந்து ஒகாடா தொரை நம்ம கறுவாப்பட்டைக் கடையத் தேடிக் கண்டிக்கு வாறாரு. வந்த மனுஷன் நெத்தியில துன்னூற அள்ளிப் பூசுறியே, அது என்ன யாவாரம்?

ஞானேஸ்வரி: வெள்ளிக்கிழம. பூசைய முடிச்சு தட்டோட நிக்கிறேன். நம்ம பெரியவன விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும் அந்தப் புள்ளைக்கு. கைய ஒட்டி வச்சுக்கிட்டு இடுப்பு மடங்கக் குனியுது. கால்ல விழப்போகுதுன்னு நெனைக்காம வேற என்னான்னு நெனைக்க? விழுற புள்ளைய வாழ்த்தாம நிக்கவா?

அழகமுத்து: சரி, ஒரு தடவ பூசுன...

ஞானேஸ்வரி: அவருதான் திரும்பக் குனிஞ்சாரு.

அழகமுத்து: அது நன்றி சொல்றது.

ஞானேஸ்வரி: நான் என்னத்தக் கண்டேன்? குனியக் குனியப் பூசுனேன்.

அழகமுத்து: கடைசியில மனுஷனுக்குக் கண்ணத் தொறக்க முடியல. கதிர்காமத்துக்குப் போயிட்டு வந்த ஆளாட்டம் நிக்கிறாரு. அது போதாதுன்னு, "சீக்கிரமா ஒரு கல்யாணம் கூடி வரட்டும்"னு வேற வாழ்த்துற. மொழிபெயர்க்க வந்த யசோதாப் புள்ள அதையும் விடாம சொல்லிருச்சு.

ஞானேஸ்வரி: ஏன், கல்யாணம் ஆயிருச்சா?

அழகமுத்து: ரெண்டு புள்ளைங்க.

ஞானேஸ்வரி: அது... நல்லாருக்கட்டும். நீங்க மட்டும் ஒழுங்கா? பேரு அடிச்ச அட்டைய ரெண்டு கையாலயும் நீட்டுனாரு. வாங்கி சட்டப்பையில போடாம, சந்தனம் குங்குமம் வச்சு புள்ளையார் படத்துக்கு முன்னால நிறுத்துனீங்க.

அழகமுத்து: கடைக்குப் புதுசா வாற எதுக்கும் பொட்டு வைக்கிறதுதானே. லொறிக்கு வைக்கலியா, தராசுக்கு வைக்கலியா?

ஞானேஸ்வரி: நீங்க அட்டைக்கு வச்சீங்க, நான் ஆளுக்கு வச்சேன்.

அழகமுத்து: வாய் மட்டும் கொறையாது ஒனக்கு. இந்த வயசுல ஜப்பான் நட்புறவுச் சங்கத்துக்குப் போயி, சின்னப் புள்ளைங்களோட வாங்குப் பலகையில ஒக்காந்து ஜப்பான் பாஷை படிச்சது எதுக்கு? கொழும்புத் தரகங்க கையில மாட்டாம நம்ம சரக்கு நேரா கப்பல் ஏறணும்னுதானே? இது தவறுனா வத்தேகமயில கறுவா யாவாரம் பண்ற வீரசிங்கத்துக்குப் போயிரும். நான் கடையத் தொறந்து வச்சு ஈ ஓட்டவேண்டியதுதான்.

ஞானேஸ்வரி: தவறிருச்சா?

அழகமுத்து: ...தவறல.

ஞானேஸ்வரி: பின்ன எதுக்கு வந்ததுலருந்து கத்துறீங்க?

அழகமுத்து: மனசு ஆறல... சரி விடு. நாளைக்குக் காலையில வாவிக்கரை ஹோட்டல்ல ஒப்பந்தம். நீயும் வா. அலுமாரியிலருந்து நல்ல பட்டுச்சேலையா எடுத்துக் கட்டிக்க.

ஞானேஸ்வரி: யாவாரத்தக் கெடுக்கப் பாத்தவள எதுக்குக் கூப்பிடுறீங்க?

அழகமுத்து: சும்மாதான்... வாவியப் பாத்த மாதிரியும் இருக்கும்.

ஞானேஸ்வரி: கண்டியில பொறந்தவளுக்கு வாவியக் காட்டப் போறீங்க. மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

அழகமுத்து: அது... அவரு முகத்தத் தொடச்சுக்கிட்டே யசோதாகிட்ட கேட்டாரு, இந்தம்மா யாருன்னு.

ஞானேஸ்வரி: நீங்க என்ன சொன்னீங்க?

அழகமுத்து: கடைக்காரன் பொஞ்சாதி, வந்த ஆளையெல்லாம் புடிச்சு துன்னூறு பூசுவான்னு சொன்னா நம்மள மதிப்பாரா? அந்த நேரத்துல வாயில என்னமோ வந்துருச்சு...

ஞானேஸ்வரி: என்னா வந்துச்சு?

அழகமுத்து: மொதலாளியம்மான்னு.

ஞானேஸ்வரி: மொதலாளியம்மாவா?

அழகமுத்து: மொதலாளியே தன் கையால வாழ்த்துனாங்கன்னு அவருக்கு அப்பிடி ஒரு சந்தோசம். ஒப்பந்தத்தையே ஒன் பேருல எழுதிட்டாங்க. நீ வந்து கையெழுத்துப் போடலன்னா காரியம் நடக்காது.

ஞானேஸ்வரி: கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து இந்தக் கடையில ஏலமும் கராம்பும் பொடைச்சுக்கிட்டு இருக்கேன். பொஞ்சாதின்னு சொல்ல வாய் வரல.

அழகமுத்து: தப்புதான், ஞானம். ஒரே ஒரு கையெழுத்து. வீட்டுக்கு வந்து என்ன வேணும்னாலும் திட்டு. அங்க மட்டும் புருஷன் பொஞ்சாதின்னு காட்டிக்காத. சொன்னது பொய்யின்னு தெரிஞ்சா தொரை எந்திரிச்சுப் போயிருவாரு.

ஞானேஸ்வரி: காட்டிக்க மாட்டேன்.

அழகமுத்து: என்ன, இவ்வளவு லேசா ஒத்துக்கிட்ட?

ஞானேஸ்வரி: நீங்க பிலிமத்தலாவைக்கு சரக்குப் பாக்கப் போன நேரம் அந்த யசோதாப் புள்ள கடைக்கு போன் எடுத்துச்சு. எடுத்த எடுப்புல "மொதலாளியம்மா"ன்னுச்சு. எனக்கு அப்பவே வெளங்கிருச்சு.

அழகமுத்து: தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைய இவ்வளவு நேரம் பேசவிட்டியா? ...என்னா கேட்டுச்சு அந்தப் புள்ள?

ஞானேஸ்வரி: நாளைக்கு மேசையில பேரு எழுதி வைக்கணுமாம். வெத்தலையப் போட்டுக்கிட்டு பக்கத்துல நின்னாரே, அவரு ஒங்களுக்கு யாருன்னு கேட்டுச்சு. புருஷன்னு சொல்ல எனக்கும் வாய் வரல. கணக்கப்பிள்ளைன்னு சொல்லி வச்சிருக்கேன், என் பையத் தூக்கிக்கிட்டு ரெண்டடி பின்னால வாங்க.