போர்வையின் மூலையில் என் பெயர்

தோட்டத்துக் கதை கேட்டு எழுத வந்திருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்: எனக்கு ஊசியில் நூல் கோக்க நன்றாக வரும். வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பன்னிரண்டு வருஷம் தையல் டீச்சராக இருந்தவள் நான்; அதற்குமேல் எனக்கு வந்த தையல் கொஞ்சம்தான். நேராகத் தைக்கத் தொடங்கினால் அது மலைப்பாதை போல வளைந்து, நான் நினைக்காத இடத்தில் போய் நிற்கும்.

1949இல் எங்கள் பெரிய துரையின் மனைவி ஒரு ஏற்பாடு செய்தார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பார்கள். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை விற்பனையில் வைப்பார்கள். தைத்தவள் பெயரையும் வருஷத்தையும் வெள்ளைத் துணியில் இங்கிலீசில் எழுதி, முடிந்த போர்வையின் மூலையில் தைப்பது என் பொறுப்பு. பெண்களில் இங்கிலீசு படித்தவள் நான் ஒருத்திதான்.

பேச்சியம்மா அப்போது கால் முறிந்து கிடந்தாள். கொழுந்து எடுக்கையில் சரிவில் விழுந்தவள், புருஷனும் இல்லை. ஒன்றேகால் வருஷம் மலைக்குப் போக முடியாததால் தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலிலிருந்து பெயரை வெட்டிவிட்டார்கள். தம்பியின் ஒற்றை அறைக் காம்பராவில் காலை நீட்டி உட்கார்ந்து அவள் தைத்த முதல் போர்வையைப் பார்த்தபோது, அதைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவிக்கொள்ளத் தோன்றியது.

மூலைத் துண்டில் என் பெயரை எழுதினேன். துண்டு சின்னது, இசபெல் என்பது சின்னப் பெயர், பேச்சியம்மா நீளமான பெயர் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். துணியை இன்னும் ஓர் அங்குலம் பெரிதாக வெட்டியிருக்கலாம். கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

பேச்சியம்மா துண்டைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல எம்பேரு எங்கன இருக்குங்கம்மா?"

அவள் விரலைப் பிடித்து என் பெயரின் மேல் முதலிலிருந்து கடைசி எழுத்துவரை நகர்த்தினேன். "இங்கேருந்து இதுவரைக்கும்."

அவள் சிரித்தாள். "இம்புட்டுத்தானா?"

துரைசானி அந்தப் போர்வையைத் தமக்கே வாங்கிக்கொண்டார். நீயா தைத்தாய் என்று கேட்டபோது தலையைக் குனிந்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். தை மாதமே தையல் டீச்சர் வேலை கிடைத்தது. அதன்பின் பேச்சியம்மா தைத்த பத்துப் போர்வைகளிலும் என் எழுத்து மேலும் அழகாகிக்கொண்டே போனது.

1955இல் அவளுடைய இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை ஹட்டனில் விசாரித்தார்கள். கால் முறிந்த அந்த ஒன்றேகால் வருஷம் அவள் இந்தியாவில் இருந்திருப்பாள் என்பது அதிகாரியின் சந்தேகம். ஒரு வருஷத்துக்குமேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் உரிமை கிடையாது. செக்ரோலில் பெயர் இல்லை. கட்டுப் போட்ட வைத்தியன் செத்துப்போயிருந்தான். தம்பியின் வார்த்தை சொந்தக்காரன் வார்த்தை என்று தள்ளப்பட்டது.

"பங்களாவுல நான் தச்ச போர்வை இருக்குல்ல? பேரும் வருசமும் போட்டிருக்கீங்கள்ல? அதக் கொண்டாந்து காட்டுங்க டீச்சர்" என்றாள்.

மறுத்தால் ஏன் என்று கேட்பாள். துரைசானியிடம் இரவல் வாங்கினேன். ஒரு வாரம் போர்வை என் வீட்டில் இருந்தது. பழைய துண்டைப் பிரித்து அவள் பெயரை வைத்துத் தைக்கலாம் என்று நினைத்தேன். தையல் தெரிந்தவளுக்குக் கால்மணி நேர வேலை. எனக்கு அரைநாள் ஆகும். அந்த வாரத்தில் எத்தனையோ அரைநாள்கள் இருந்தன.

அடுத்த விசாரணையில் அதிகாரி போர்வையின் மூலையைத் திருப்பிப் படித்தார். யார் இந்த இசபெல் என்று என்னிடம் இங்கிலீசில் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"இதைத் தைத்தது?"

"நான்தான்."

இதோடு நிறுத்தியிருந்தால் நான் வெறும் திருடிதான். அவர் நியாயமான மனிதர். இன்னொரு வழியும் திறந்துவிட்டார். "போகட்டும். அந்த வருஷம் இவள் தோட்டத்தில் இருந்தாளா?" என்று கேட்டார்.

இருந்தாள் என்றால், கால் ஒடிந்தவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அடுத்துக் கேட்பார். பேச்சியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்று அழகான இங்கிலீசில் சொன்னேன்.

வெளியே வந்ததும் கேட்டாள். "என்னாங்க சொன்னாரு?"

"போர்வை மட்டும் போதாதாம்."

இரண்டு மாதத்தில் விண்ணப்பம் தள்ளுபடி என்று கடிதம் வந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். பிரஜாவுரிமை இல்லாத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மகள் லெட்சுமிக்குப் பேசியிருந்த சம்பந்தத்தை முறித்தார்கள். அடுத்த வருஷம் தாயும் மகளும் இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். லெட்சுமி அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. வட்டகொடை ஸ்டேஷனில் அவள் அழுத அழுகையில் ரயில் வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

பேச்சியம்மா அழவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"தோட்டத்துல எத்தன பேரு இருந்தாங்க. நீங்க ஒருத்தருதான் எனக்காகச் சாட்சி சொல்ல வந்தீங்க. நல்லா இருக்கணும் நீங்க."

யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னதில் பொய் இல்லை. அன்று பஸ் ஏறி ஹட்டன்வரை அவளோடு போனது நான் ஒருத்திதான். பஸ்ஸில் எனக்கு வாந்திகூட வந்தது. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.