வாசற்படியில் இரண்டு சிங்கங்கள்

தலைமை இருக்கைக்குத் தகுதி தந்திருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே! முன்வரிசையில் வெள்ளைத் தலைப்பாகைகளாய் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! பின்வரிசையில் அமர்ந்தபடி எங்களை முன்னின்று நடத்தும் தாய்மார்களே! வெளியே கரடாகவும் உள்ளே கரும்பாகவும் வாழும் அர்மன்த் மக்களே! உங்கள் அனைவர்மீதும் சாந்தி உண்டாகட்டும்.

நைல் நதி நம் வயலுக்குள் கடைசியாக வெள்ளமாய் வந்துபோன வருடம் அது. அசுவானில் அணை எழுந்துவிட்டது, இனி வெள்ளம் வராது என்றார்கள், வரவில்லை. அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம். வெள்ளம் ஓய்ந்தது, என் வீட்டில் வேறு வெள்ளம் ஆரம்பமானது!

இன்று பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு திறக்கிறீர்கள். பேச அழைத்திருப்பதோ கைநாட்டு ஹஸனைனை! சிரிக்காதீர்கள். கோயில் சுவரெல்லாம் நம் முன்னோர் படம்படமாய் எழுதினார்களே, இடையில் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அதை எவராவது படித்தார்களா? படையெடுத்து வந்தவன் படித்தானா? பாதிரி படித்தாரா? பட்டம் பெற்ற பண்டிதர் படித்தாரா? இல்லை! அத்தனை பேரும் என் கட்சி, கைநாட்டுக் கட்சி!

சர்க்கரை ஆலை கட்டுவதற்காக நம் பழைய கோயிலை இடித்தார்களே, அதில் ஒரு கல்லை என் பாட்டனார் கொண்டுவந்து வாசற்படியாகப் போட்டார். வண்டலும் சேறும் மூடி, அதில் ஏதோ செதுக்கியிருப்பதே எவருக்கும் தெரியாது. கடைசி வெள்ளம் அதைக் கழுவிவிட்டுப் போனது. கல்யாணத்தன்று மணப்பெண் ஒட்டகத்திலிருந்து இறங்கி, படியில் கால் வைக்கப் போகிறாள். என் தாயார் குனிந்து பார்த்தார். ஒரு நீள வளையம், அதற்குள் படங்கள்.

"நில்லுடி! சிங்கம், கழுகு, கை, வாய்! வர்றவ சிங்கமா வந்து, கழுகா உக்காந்து, கையில கிடைச்சதையெல்லாம் வாயில போட்டுக்குவான்னு கல்லுலயே செதுக்கி வெச்சிருக்கான். ஒட்டகத்தைத் திருப்புங்கடா!"

பெண்ணின் மாமன்மார் தடிகளை இறுக்கிப் பிடித்தார்கள். வாசல்வரை வந்து திரும்பிய பெண்ணை அப்புறம் யார் கேட்பார்கள்? எங்கள் வீட்டுக்கு இனி யார்தான் பெண் கொடுப்பார்கள்? மாப்பிள்ளை நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒட்டகத்துக்குப் பின்னால் நின்றேன்! (அங்கே என்ன கைதட்டல்? நீங்களும் அப்படித்தானா, ஐயா?)

அப்போது, கோயில் சுவர்களைப் படியெடுக்க வந்து, விருந்துக்கும் வந்திருந்த படித்த மனிதர் ரம்ஸி எஃபெந்தி, வாத்துக்கறி ஒட்டிய விரலோடு எழுந்து வந்தார்.

"அம்மா, பெரிய பெரிய அறிஞருங்களும் உங்களை மாதிரியேதான் படிச்சாங்க. சிங்கம்னா கோபம், கழுகுன்னா தாய்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

"பாத்தீங்களாடா!" என்றார் தாயார், பெருமையாக.

"எல்லாமே தப்பும்மா. ரஷீத்துங்கற ஊருல ஒரு கல்லு கிடைச்சுது. ஒரே சேதி, மூணு எழுத்து. அடியில இருந்த கிரேக்கத்தைப் படிக்க ஆள் இருந்துச்சு. அதுல ராஜா தாலமி பேரு. மேலே, வளையத்துக்குள்ள கொஞ்சம் படம். அதுதான் அந்தப் பேரா இருக்கும்னு பிடிச்சாங்க. இன்னொரு கல்லுல கிளியோபாத்ரா பேரு. ரெண்டு பேருலயும் 'ல' வர்ற இடத்துல அதே சிங்கம் படுத்திருக்கு! சிங்கம் கோபம் இல்லம்மா, வெறும் சத்தம்."

"பேரு சரி, மத்த பேச்சு?"

"அது எங்க தேவாலயத்துல பாடுற பழைய மொழிக்குள்ளயே உயிரோட இருந்துச்சு. அதை வெச்சுத்தான் அர்த்தம் பிடிச்சாங்க."

"அப்போ என் படியில இருக்கிறது?"

"கிளியோபாத்ரா. கடைசியில ரொட்டியும் முட்டையும் இருக்கு பாருங்க, அது பொம்பளைப் பேருக்கு அடையாளம்."

"ராணியா? ஒரு வீட்டுக்கு ரெண்டு ராணியா? திருப்புங்கடா ஒட்டகத்தை!"

அறிஞர்கள் அவிழ்த்த முடிச்சை என் தாயார் மறுபடியும் போட்டுவிட்டார்! அப்போது முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "எஃபெந்தி, அதே படத்தை வெச்சு எங்க அத்தை பேரை எழுத முடியுமா?"

நம் ஊரில் பெண்ணின் பெயரை நாலு பேர் நடுவே சொல்வதுண்டா? இன்னாரின் தாய் என்போம், அதோடு சரி. என் தகப்பனார் இருமினார். தாயார் அவரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தலையை நிமிர்த்தினார்.

"தலால்."

எஃபெந்தி அடுப்புக்கரியால் ராணிக்குப் பக்கத்திலேயே ஒரு வளையம் போட்டு எழுதினார். கை, சிங்கம், கழுகு, சிங்கம். கூடவே ரொட்டி, முட்டை.

"எனக்கு எத்தனை சிங்கம்?"

"ரெண்டு."

"அந்த ராணிக்கு?"

"ஒண்ணே ஒண்ணு."

என் தாயார் மணப்பெண்ணின் கையைப் பிடித்தார். "வெயில்ல ஏன்டி நிக்கிற? உள்ள வா!"

கரி அழிய அழிய, சாகும்வரை அந்தப் பெயரைத் தன் கையாலேயே எழுதி வந்தார் என் தாயார். அந்த வீட்டில் முதலில் எழுதப் படித்தவர் அவர்தான்!

தாய்மார்களே! மண்ணுக்குள் கிடந்த எழுத்து எதனால் பேசியது? ஒரு பெயரால்! வளையத்துக்குள் பூட்டிக் கிடந்த ஒரு பெயரால் பேசியது! நாளை வகுப்பில் முதலில் உங்கள் பெயரைக் கேட்பார்கள். இன்னாரின் தாய் என்று சொல்லாதீர்கள். உரக்கச் சொல்லுங்கள்! எழுதுங்கள்! ஆண்களே, இருமாதீர்கள்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. ஆண்டவன் அருள் உங்களோடு இருக்கட்டும். அன்று வாசலில் நின்றவர்களில் தாயார் இல்லை, தகப்பனார் இல்லை, எஃபெந்தி இல்லை, மாமன்மார் இல்லை. என்னைத் தவிர மிச்சம் ஒரே ஒருவர்தான். மஹ்ரானின் தாய் என்றே இத்தனை காலம் கூப்பிட்டுவிட்டேன். முக்காட்டுக்குள்ளிருந்து என்னை முறைத்துக்கொண்டு, பின்வரிசையில், வகுப்பின் முதல் மாணவியாய் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் பெயர் நஜீயா.