ஆளில்லாக் கூடத்தில் எங்களை உட்கார வைத்தவருக்கு

வெயிலை அளந்தவரே! காற்றைக் கணக்கிட்டவரே! காய் பொறுக்கும் எங்கள் கைகளை மறவாத கட்டடப் பொறியாளர் ஐயா செழியன் அவர்களே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு, போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கூடத்துத் தொழிலாளர்கள் கும்பிட்டு வாசித்தளிக்கும் மடல்.

முப்பது ஆண்டுப் பணியில் எத்தனையோ கட்டடம் எழுப்பியிருப்பீர்கள். எங்களுக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான். கணினிக்குள் எங்கள் கூடத்தைப் போலவே ஒரு கூடம் கட்டி, அதன் மேல் சித்திரை வெயிலை அடிக்கவிட்டு, ஏசி எவ்வளவு உழைக்கும் என்று பார்த்த பேரறிவாளரே! ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு இறுக அடைத்தால் வெளிச்சூடு வராது, ஏசியின் உழைப்பு குறையும் என்றது அந்தக் கணக்கு. நிர்வாகமும் நம்பிப் போட்டது. வெளிச்சூடு வரவில்லை, உண்மைதான் ஐயா. உள்சூடு போகவும் இல்லை. சாயங்காலம் குரங்கணி மலையிலிருந்து இறங்கும் காற்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது. ஏசி முன்னைவிட அதிகம் ஓடியது. கரண்டு பில்லுக்குப் பயந்து மதியத்தோடு நிறுத்தினார்கள். போன சித்திரையில் காளீஸ்வரி முறத்தின் மேலேயே மயங்கிச் சரிந்தாள். இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.

மறுநாள் தாங்கள் வந்து எங்களோடு உட்கார்ந்தீர்கள். சட்டை நனைந்து சொட்டியது. "கணக்குல உங்களை விட்டுட்டேம்மா. சரக்கு வைக்கிற இடம், ஆளே இல்லைன்னு போட்டுட்டேன்" என்றீர்கள். "அப்ப நாங்க என்ன சார், மூட்டையா? ஓரமா அடுக்கி வச்சுட்டுப் போயிருக்கலாம்ல!" என்று ஒச்சம்மாள் அக்கா கேட்கவும் கூடமே சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை.

ஆளுக்கொரு குண்டு பல்பு எரிகிற சூடு என்று எங்கள் அத்தனை பேரையும் அந்தக் கணினிக் கூடத்தில் உட்கார வைத்தீர்கள். அடைத்த ஜன்னலால் ஏசியின் உழைப்பு கூடுகிறது என்று கணக்கு தலைகீழாகத் திரும்பிவிட்டது. படித்தவர்கள் தவறு செய்வதைப் பார்த்திருக்கிறோம். நிர்வாகத்தின் முன்னால் எழுந்து நின்று "தப்பு என்னோடது" என்றவரை இப்போதுதான் பார்த்தோம். மேல்வரிசைக் கண்ணாடிகளையாவது திறக்கிற மாதிரி மாற்றுங்கள், வெளியே வெயிலுக்குத் தட்டி கட்டுங்கள் என்று மாதாமாதம் கேட்டீர்கள். "ஆகட்டும், பார்ப்போம்" என்பதுதான் பதில். யாரையும் குறை சொல்லவில்லை; வாங்கிய கண்ணாடியைக் கழற்ற யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் அடுத்த சித்திரை வருகிறது. இனி எங்களுக்காகக் கேட்க ஆளில்லை.

நல்லவரே! நோய்நொடியின்றி, காற்று வருகிற வீட்டில் நூறாண்டு வாழுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். தங்கள் விழாவுக்காக இன்று சாயங்காலமும் ஏசி ஓடுகிறது. விழா முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆகையால் ஏற்புரையை வெரசா முடித்துவிடாதீர்கள் ஐயா.

தங்கள் கணக்கில் இடம்பெற்ற,
காய் பொறுக்கும் கூடத்துத் தொழிலாளர்கள்.
எழுதியது: பொன்னுமணி