துப்பாக்கி அறைக்குப் படைத்த சோறு

பழைய கட்டடத்தில் மேனேஜரை அதிகம் படுத்துவது கதவுகள்தான். மழைக்காலத்தில் ஊறிப்போய்ச் சாத்த முடியாது. கோடையில் சுருங்கிக் காற்றுக்கெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும். தச்சரைக் கூப்பிட்டால் இந்தா வாரேன் என்பார், வர மாட்டார். எங்கள் துரை பங்களா ஓட்டலில் எந்தக் காலத்திலும் மக்கர் பண்ணாத கதவு ஒன்றே ஒன்றுதான். மாடியில் கிழக்குக் கோடியில் இருக்கும் துப்பாக்கி அறையின் கதவு.

பங்களாவைக் கட்டிய வெள்ளைக்காரத் துரைக்கு வேட்டைப் பைத்தியம். துப்பாக்கிகளைப் பத்திரமாக வைப்பதற்காகவே ஜன்னல் இல்லாமல் அந்த அறையைக் கட்டினாராம். கூரையை ஒட்டி ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும், அதுதான் வெளிச்சம். கதவு பர்மா தேக்கு. வெளியிலிருந்து மட்டுமே பூட்டலாம், திறக்கலாம். உள்ளே கத்தினால் வெளியே முனகல் மாதிரி ஏதோ கேட்கும், வார்த்தை பிரியாது. தட்டினால் மட்டும் கீழே சமையற்கட்டு வரைக்கும் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, பின்னால் குழப்பம் வராது.

என் பெயர் நல்லகாமன். அந்த பங்களாத் தோட்டக்காரரின் மகன். சோழவந்தான் சாலையில் போகிறவர்கள், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே தெரிகிற சிவப்பு ஓட்டுக் கட்டடத்தைக் காட்டி, நல்லகாமன் ஓட்டல் என்றுதான் சொல்வார்கள். முதலாளி சிங்கப்பூரில் இருக்கிறார். எப்போதாவது வந்து இளநீர் குடித்துவிட்டுப் போவார். என் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற வராந்தாவில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன். அந்தப் பெருமை எனக்கு இல்லை என்று சொன்னால் அது பொய்.

போன வருஷம் ஓட்டலுக்குப் பேய் பங்களா என்று பெயர் வந்தது. அதில் எனக்கு வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பேய் பார்க்க வருகிறவர்கள் தங்கமான விருந்தாளிகள். சண்டை போட மாட்டார்கள், டவலைச் சுருட்டிக்கொண்டு போக மாட்டார்கள், ஏசி ஓடாவிட்டால்கூட ஆவி வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். துரையின் மனைவி துப்பாக்கி அறையில் தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தாள், உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறாள் என்பது கதை. வேலைக்காரர்களுக்கு நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். சத்தம் கேட்டால் யாரும் திறக்கப் போகக் கூடாது. சமையல்காரம்மா ரெங்கம்மாள் மட்டும் இலை போட்டுச் சோறு படைத்து, கதவுக்கு வெளியே வைத்து, ஆத்தா என்று கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அகால மரணத்தில் போனவர்களைப் பசியோடு விட மாட்டோம்.

முந்தாநாள் பவதாரிணி வந்தாள். வில்லாபுரத்துப் பெண். பேய் இருப்பதாகச் சொல்லும் பழைய கட்டடங்களுக்குப் போய் விசாரித்து யூடியூபில் போடுகிறவள். கேமரா பிடிக்க ஆரிப் என்று தெற்குவாசல்காரர் ஒருவர் கூட வந்தார். மற்றவர்களைப் போல விளக்கு எரியும் கருவி, கிர்ரென்று சத்தம் போடும் பெட்டி எதுவும் அவளிடம் இல்லை. வேலைக்காரர்களைத் தனித்தனியாக உட்கார வைத்து ஒரே கேள்வியைக் கேட்டாள். "நீங்களே உங்க காதால கேட்டீங்களா? எப்பக் கேட்டீங்க?"

எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். போன வருஷம், கத்திரி வெயிலில், மாப்பிள்ளை வீட்டார் இங்கே தங்கியிருந்த ஒரு கல்யாணத்தின்போது கேட்டது. அதற்கு முன்னால் கேட்டதில்லை, பின்னாலும் கேட்கவில்லை.

"என்னண்ணே, உங்க ஆவி ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான் வந்துச்சா?" என்று என்னிடம் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு அவளுக்குக் காபி சொன்னேன். என்னிடம் பேய்க்கதை கேட்ட யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

அன்று அமாவாசை. மலையம்மாள் வருகிற நாள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. செல்லூரில் தறி வேலை பார்க்கிறவள். அவள் மகள் சரண்யாதேவி எங்கள் ரிசப்ஷனில் இருந்தாள், போன வருஷம் காணாமல் போனாள். யாரோடோ ஓடிவிட்டாள் என்று பேச்சு. அந்தப் பேச்சை ஆரம்பித்தவன் நான்தான். மலையம்மாள் அமாவாசைக்கு அமாவாசை வந்து துப்பாக்கி அறை வாசலில் சூடம் ஏற்றிவிட்டுப் போவாள். பவதாரிணி அவளையும் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"எம்மக உயிரோட இருக்கா தாயி. இந்த ஆத்தாதான் சொன்னா" என்றாள் மலையம்மாள்.

"எப்படிம்மா சொன்னா?"

"மகளக் காணோம்னு தேடிக்கிட்டு இங்கன வந்தேன். மேல ஆத்தா தட்டிக்கிட்டு இருக்கா, கேட்டுப் பாருன்னு ரெங்கம்மாக்கா சொன்னாக. சூடத்தப் பொருத்தி, சாவி ஓட்டையில வாய வச்சு, எம்மக உயிரோட இருந்தா தட்டு ஆத்தான்னு கேட்டேன். தட்டுனா. மனசு கேக்காம இன்னொருக்காக் கேட்டேன். அம்புட்டு வேகமாத் தட்டுனா தாயி, விடாம தட்டுனா. உள்ள காத்து கணக்கா ஒரு சத்தமும் வந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. கும்புட்டுட்டு இறங்கிட்டேன். இந்தா, சார்தான் சூடத்தட்டப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னாக."

பவதாரிணியின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. கேமராவை அணைக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் மலையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, அந்த ரூமத் திறங்க" என்றாள்.

மறுத்திருக்கலாம். மறுத்தால் சந்தேகம் வரும். மேலே கூட்டிக்கொண்டு போய்த் திறந்தேன். நல்ல உச்சிப் பொழுது, ஆனாலும் அந்த அறைக்குள் வெளிச்சம் போதாது. ஆரிப் விளக்கு எடுத்துவரக் காருக்குப் போனார். பவதாரிணி செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே போய், கதவை முக்கால்வாசி சாத்தி அதன் உள்பக்கத்தைப் பார்த்தாள். நான் வெளியே சாவியோடு நின்றேன். அந்த உள்பக்கத்தை நான் எத்தனையோ தடவை தேய்த்திருக்கிறேன். பர்மா தேக்கில் விழுந்த கோடு லேசில் போகாது.

அவள் குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "நகம் கீறுன கோடெல்லாம் தோள் உயரத்துல ஆரம்பிச்சுக் கீழ கீழ வந்திருக்குண்ணே. நின்னு தட்டுன ஆளு, அப்புறம் உக்காந்து தட்டி, கடைசில படுத்துக்கிட்டுத் தட்டியிருக்கு."

நான் கதவை இழுத்துப் பூட்டினேன். அந்த அறைக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் படி இறங்கும்போதே அவள் தட்ட ஆரம்பித்துவிட்டாள். கீழே வேலை செய்தவர்கள் அப்படியே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சமையற்கட்டில் ரெங்கம்மாள் வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "தம்பி, ஆத்தா திரும்பி வந்துட்டா. பாவம், எம்புட்டுப் பசியோ" என்று சொல்லிவிட்டு அவசரமாகச் சோற்றை அள்ளி வைத்தாள். வராந்தாவில் மலையம்மாள் முந்தானையில் முடிந்திருந்த சூடத்தை அவிழ்த்துக்கொண்டு எழுந்தாள். ஒருவர்கூடச் சாவி எங்கே என்று கேட்கவில்லை. எனக்கு மூச்சு சீராக வந்தது.

அப்போது ஆரிப் விளக்கோடு உள்ளே வந்தார். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நிற்பதை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "யாரோ கதவத் தட்டுறாங்களே, தொறக்க மாட்டீங்களா?"

"அது ஆத்தா தம்பி, மேல போகாதீக" என்றாள் ரெங்கம்மாள்.

"ஆத்தாவோ யாரோ, உள்ள ஆளு இருக்குல்ல. சாவியக் குடுங்க சார்."

கையை நீட்டினார். நான் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று நீங்கள் நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். அவர் கேட்டார், கொடுத்தேன். போன வருஷம் யாராவது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். யாரும் கேட்கவில்லை ஐயா. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பவதாரிணி வியர்வையில் நனைந்து இறங்கி வந்தாள். ரெங்கம்மாள் கையில் இலையோடு நின்றாள். அவளைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். "அப்ப அன்னைக்கு நான் சோத்த வெளியில வச்சேனே... உள்ள உசுரோட..." என்று ஆரம்பித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சோறு சிந்திவிட்டது. அதற்கப்புறம் அவள் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

மலையம்மாளுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. பவதாரிணி ஆத்தாவைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "ஆத்தா என்ன தாயி சொன்னா? எம்மகளப் பத்திக் கேட்டியா?" என்றாள். பவதாரிணி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆரிப்பைக் கூப்பிட்டு அவளைக் காரில் ஏற்றிச் செல்லூருக்கு அனுப்பினாள். அது முடிந்த பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தாள். என்னைப் போலவே அந்தப் பெண்ணுக்கும் இளகிய மனசு.

இனிச் சரண்யாதேவியைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல பிள்ளை. விருந்தாளி பெயரை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டாள். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் குடித்துவிட்டு தாழ்வாரத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். என்னிடம் வந்து, "நான் ஸ்டேசனுக்குப் போறேன் சார்" என்றாள். அவர்கள் காலி செய்துவிட்டுப் போகட்டும், பிறகு பேசலாம் என்று நயமாகத்தான் சொன்னேன். ஓட்டலுக்குப் போலீஸ் வந்தால் முதலாளி இழுத்து மூடிவிடுவார் என்றும் சொன்னேன். "உங்க மகளா இருந்தா இப்படித்தான் சொல்வீங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பிள்ளை இல்லை, அது அவளுக்கும் தெரியும்.

துப்பாக்கி அறையில் தலையணை உறைகள் வைத்திருந்தோம். எடுத்துவா, கொடுத்துவிட்டுப் போ என்றேன். கோபத்திலும் வேலையைத் தட்டாத பிள்ளை, போனைக் கவுண்டரில் வைத்துவிட்டு மேலே போனாள். பின்னாலேயே போய்ப் பூட்டினேன். கோபம் ஆறட்டும் என்றுதான். சாயங்காலம் திறக்கலாம் என்றிருந்தேன். சாயங்காலமும் அவள் தட்டிய வேகத்தைப் பார்த்தால் கோபம் ஆறினதாகத் தெரியவில்லை.

மறுநாள் வேலைக்காரர்கள் அது என்ன சத்தம் என்றார்கள். சின்ன வயசில் என் அப்பா என்னைப் பயமுறுத்தச் சொன்ன துரை மனைவி கதையைச் சொன்னேன். அவர்கள் அவ்வளவு லேசாக நம்பியது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு திறப்பது கஷ்டமாகிவிட்டது. முதல் நாள் திறந்திருந்தால் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருப்பாள். இனித் திறந்தால் என்னைப் பற்றித்தானே சொல்வாள். இதை நீங்களும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ரெங்கம்மாள் தினமும் அயிரை மீன் குழம்பு ஊற்றிச் சோறு படைத்தாள். சரண்யாவுக்கு அது உயிர். கதவுக்கு அடியில் வாசனை போகுமே என்று எனக்குச் சங்கடமாக இருக்கும். ரெங்கம்மாள் இறங்கிப் போனதும் இலையை எடுத்துக் காக்கைக்கு வைத்துவிடுவேன். அறையில் தண்ணீர் இல்லை, கத்திரி வெயில் வேறு. தட்டுகிற சத்தம் இடம் மாறி மாறிக் கீழே வந்தது. கல்யாணக்காரர்கள் ஓட்டலைப் புகழ்ந்துவிட்டுப் புறப்பட்டுப் போனார்கள். ஒரு காலையில் சத்தம் இல்லை.

பின்பக்கம் கொடிக்கால் ஓரத்தில் தூர்ந்துபோன கிணறு இருக்கிறது. அதில்தான் இருக்கிறாள். மண் போட்டு மூடி மேலே செவ்வரளி வைத்திருக்கிறேன். தோண்டும்போது செடியை வேரோடு பார்த்து எடுக்கச் சொல்லுங்கள், நன்றாகப் பூக்கிறது.

பூட்டினவன் நான். திறக்காதவனும் நான். செத்துப்போவாள் என்று தெரிந்தே திறக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான் ஐயா. மலையம்மாளிடம் சொல்லாதீர்கள். மகள் உயிரோடு இருக்கிறாளா என்று அவள் கேட்டாள், இருக்கிறாள் என்று பதில் வந்தது. அந்த நேரத்துக்கு அது பொய்யும் இல்லை. அன்று சூடம் எரிந்து முடிகிற மட்டும் தட்டு என் கையைச் சுட்டது. ஒரு தாய் கேட்டு முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். அந்த பங்களாவில் அன்றைக்கு அவளுக்காக அவ்வளவாவது செய்தவன் நான் ஒருவன்தான்.